வெள்ளிக்கிழமைக் குளிசைகள்

அன்பு மகனே,

வருகிற வியாழக்கிழமை நீ ஒரு மண்டபத்தில் நின்று பேசப்போகிறாய். அந்தப் பேச்சின் நடுவில், பெயர் சொல்லாமல், ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறாய். ஐம்பத்தாறு வயது, இலங்கையில் பிறந்தவர், இரத்தப் புற்றுநோய். மருந்து வேலை செய்யும் என்று கணினி உறுதியாகச் சொல்லியும் அது வேலை செய்யாமல் போனவர். அந்தப் பெண் நான். அந்தக் கதை பிழை. நீ மேடையில் ஏறுவதற்கு முன் உனக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் நாலு தரம் தொடங்கி நாலு தரமும் வேறு கதைக்கு மாறிவிட்டேன். அதனால்தான் இன்றைக்கு எசன் நகர நூலகத்தில், ஜன்னலோரத்து மேசையில் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும் என்பது உனக்குத் தெரியும். ஐம்பத்து நாலு வயதில் பெரியவர்களுக்கான பின்னேரப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெயர் பதிந்தபோது, "அம்மா, உங்களுக்கு ஏன் உந்தக் கரைச்சல்?" என்று கேட்டாய். "விடடா, கொம்மாவுக்குச் சோதினை எழுதாட்டில் சோறு இறங்காது" என்றார் அப்பா. உண்மைதான். எனக்குப் புதுக் கொப்பியின் மணம் பிடிக்கும். கேள்விக்குக் கீழே கோடு கீறி விடை எழுதப் பிடிக்கும். வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் உன்னைவிட இளமையான ஆட்கள். கணக்கு ஆசிரியர் நிகழ்தகவு படிப்பித்த அன்று உயர்த்திய கையை இறக்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான். "இன்றைக்கு உங்களுக்கு இன்னும் மூன்று கேள்விதான்" என்று அவர் கெஞ்சினார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் விட்ட பிழைக்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

இந்தக் கடிதத்தை முதலில் வாசிப்பவன் நீதான். வாசித்த பிறகு நீ சம்மதித்தால், இதைத் தமிழ் மன்றத்து ஆண்டு மலருக்குக் கொடுக்க விரும்புகிறேன். உனக்கு எழுதுகிற கடிதத்தை ஊருக்குக் காட்ட ஏன் ஆசைப்படுகிறேன் என்பதைக் கடைசிப் பக்கங்களில் சொல்கிறேன். நீ வேண்டாம் என்றால் உன்னோடேயே இருக்கட்டும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் எனக்கு என்ன நோய் என்று தெரிந்த அன்று நீ படிக்கிற கார்ல்ஸ்ரூஹேயில் இருந்து கிடைத்த ரயிலில் ஏறி வந்தாய். வெளிறிய முகத்தோடு வாசலில் நின்ற உன்னிடம், சப்பாத்தைக் கழற்ற முதலே, வைத்தியர் கீறித் தந்த படத்தை நீட்டினேன். ஒரு நீளக் குரோமோசோமும் ஒரு கட்டைக் குரோமோசோமும் தங்கள் நுனித் துண்டுகளை மாற்றிக்கொண்டுவிட்டன. அந்த மாற்றத்தால் வெள்ளை அணுக்களுக்குப் பெருகு, பெருகு என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டளையின் வாயை அடைக்க ஒரு குளிசை இருக்கிறது. "அம்மா, நீங்கள் அழேல்லையா?" என்று கேட்டாய். "அழுதுபோட்டன். பிறகு உந்தப் படத்தைப் பார்த்தன். எப்பிடி வடிவா மாறி ஒட்டியிருக்குது பார்" என்றேன். உனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அடுத்த கிழமை அந்தப் படத்தை உயிரியல் கொப்பியில் மூன்று நிறத்தில் கீறினேன். ஆசிரியை, "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்டபோது, "என் எலும்பு மச்சையில்" என்றேன். பாவம், அவவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நாளுக்கு ஒரு குளிசை. காலை உணவோடு, பெரிய கிளாஸ் தண்ணீரோடு. அப்படித்தான் அச்சடித்துத் தந்தார்கள். ஒரு சின்னக் கொப்பியும் தந்தார்கள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பெட்டி: எடுத்தேன், எடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருக்கா இரத்தத்தை எடுத்து, அந்தப் பிழையான மரபணு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கணினித் திட்டத்தைப் பரீட்சித்துக்கொண்டிருந்ததால் என்னிடமும் சம்மதம் கேட்டார்கள். என் வயதையும் இரத்த விவரங்களையும் கொடுத்தால், இந்த மருந்துக்கு என் நோய் எப்படிப் பதில் சொல்லும் என்று அது முன்கூட்டியே சொல்லுமாம், தனக்கு அதில் எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்து. என் விஷயத்தில் அது, வேலை செய்யும் என்றது. நிச்சயமாகத்தான் சொன்னது.

உன் படிப்பும் இதேதான் என்பதால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீ வீட்டுக்கு வருகிற சனிக்கிழமைகளில் குசினி மேசையில் உட்கார வைத்து உன்னைக் குடைந்தேன். ஆய்வுகூடத் தட்டில் புற்று அணுக்களை வளர்த்து, ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு மருந்தைப் போட்டு, எது சாகிறது எது சாகவில்லை என்று பார்த்து, அதிலிருந்து கணினி கற்றுக்கொள்கிறது என்றாய். பிறகு அதை உண்மையான நோயாளிகளிடம் கொண்டுபோனால் சறுக்குகிறது என்றும் சொன்னாய். "ஏன் சறுக்குது?" என்று கேட்டேன். "தட்டு தட்டுத்தான் அம்மா. அதுக்கு ஈரல் இல்லை, கவலை இல்லை, வேலைக்கு ஓடிறதில்லை." இதை நான் அப்படியே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, "தெரியாது" என்று சொல்ல நீ கணினியைப் பழக்குகிறாய் என்பதுதான். அன்றைக்கு அப்பா பஸ் ஓடிவிட்டு வந்து சீருடையோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நீ அவருடைய பஸ் தரிப்பிடத்துப் பலகையை உதாரணம் காட்டினாய். அது மூன்று நிமிஷம் என்று காட்டும். பஸ் எங்கேயோ நெரிசலில் நின்றாலும் மூன்று நிமிஷம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். நல்ல பலகை என்றால், மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையில், இன்றைக்கு அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும் என்று காட்ட வேண்டும். அப்பா கோப்பையை வைத்துவிட்டு, "டேய், நான் எப்ப வருவன் எண்டு எனக்கே தெரியாது. அந்தப் பலகை ஏன் இடையில தலையைக் குடுக்குது?" என்றார். நீ சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னாய். "பிழை விடுறது குற்றம் இல்லை அப்பா. நிச்சயம் எண்டு சொல்லிப்போட்டுப் பிழை விடுறதுதான் குற்றம். பிறகு அது சரியாச் சொன்னாலும் ஒருத்தரும் நம்பாயினம்." நான் பாத்திரம் கழுவிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன். நல்லவேளை, என் முகத்தை நீ பார்க்கவில்லை.

ஏனென்றால் மகனே, நான் வெள்ளிக்கிழமைகளில் குளிசை எடுக்கவில்லை.

நீ பிறந்த வருஷம் தொடங்கிய விரதம் அது. அகதி முகாம் அறையில் உனக்கு மூச்சிழுப்பு வந்து, அம்புலன்ஸ் வர முதல் நான் முருகனிடம் கேட்டுக்கொண்டது. ஒரு வெள்ளியும் தவறாமல், காலையில் பால் விடாத தேத்தண்ணி, பின்னேரம் பூசை முடிந்த பிறகு ஒரு நேரச் சோறு. நோய் வந்த பிறகும் விடவில்லை. முதல் வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றில் குளிசையைப் போட்டேன்; பத்து நிமிஷத்தில் சத்தி எடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளி யோசித்தேன். காலை உணவோடு எடுக்கச் சொல்லி அச்சடித்திருக்கிறது. இன்றைக்குக் காலை உணவு இல்லை. ஆகவே குளிசையும் இல்லை. மூளை உள்ள ஒருவர் பின்னேரம் சோற்றோடு எடுத்திருப்பார், அல்லது வைத்தியருக்கு ஒரு ரெலிபோன் அடித்துக் கேட்டிருப்பார். நான் விதியை எழுத்துக்கு எழுத்து வாசிக்கிற மாணவி. பாதி விதியைப் பின்பற்றுவது எனக்கு விதியை மீறுவதைவிடப் பிழையாகப் பட்டது. கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் தண்ணியும்தான். ஆறு குளிசையும் பெட்டியிலேயே இருந்தன. சஷ்டி முடிந்ததும் உடம்புக்கு ஏலாமல் போக, அந்தக் கிழமையும் இரண்டு நாள் விட்டேன்.

அதோடு நின்றிருந்தால் அது அறியாமை. நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அந்தச் சின்னக் கொப்பியை எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு வெள்ளியும் வெறுமையாக இருக்கும். எடுக்கவில்லை என்ற பெட்டியில் அடையாளம் போடக் கை வராது. சிவப்புப் பேனையால் பிழை போட்ட விடைத்தாள் மாதிரி அது தெரிந்தது எனக்கு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்தேன் என்பதில் சரி போட்டுவிடுவேன். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு யோசிக்கவும் இல்லை. எல்லாப் பக்கமும் வடிவாக, இடைவெளி இல்லாமல், ஒரே அளவுச் சரி. ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் பக்கங்களைத் தட்டிப் பார்த்து, "எல்லா நோயாளிகளும் உங்களைப் போல இருந்தால்!" என்றாள். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் தலை குனிகிறது.

முதல் ஆறு மாதம் இரத்தத்தில் அந்த மரபணுவின் அளவு குறைந்தது. ஒன்பதாம் மாதம் அப்படியே நின்றது. ஒரு வருஷத்தில் மெல்ல ஏறத் தொடங்கியது. வைத்தியரைப் பார்க்கிற அந்த டெர்மினுக்குத்தான் நீயும் வந்தாய். எனக்கு டொச் மொழி தெரிந்தும், நீ சின்ன வயதிலிருந்து எனக்காகக் கதைத்துப் பழகியவன் என்பதால் வழமைபோல முன் கதிரையில் இருந்தாய். வைத்தியர் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தா. "கணினி வேலை செய்யும் என்றது. இரத்தம் வேலை செய்யவில்லை என்கிறது. எனக்கு விளங்கவில்லை" என்றா. வேறு ஒரு குளிசைக்கு மாற்றலாம், அது பலமானது, ஆனால் இதயத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றா. பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "இடைக்கிடை குளிசை மறந்துபோகிறதா?" என்று கேட்டா.

நான் வாயைத் திறக்க முதல் நீ பதில் சொன்னாய். "என் அம்மா ஒன்றையும் மறக்கமாட்டா." குரலில் கொஞ்சம் சூடும் இருந்தது. வைத்தியர் கொப்பியைத் திறந்து பார்த்தா. அவவுக்கு முன்னால் ஒரு வருஷத்துச் சரி. தலையாட்டிவிட்டு மூடினா. நான் உன் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது சிவந்துபோயிருந்தது. எனக்காகக் கோபப்பட்டாய். இயந்திரம் சொன்னதைச் சந்தேகி, தரவைச் சந்தேகி, உன்னையே சந்தேகி என்று படித்தவன், அந்த அறையில் ஒன்றை மட்டும் சந்தேகிக்கவில்லை.

வெளியே வந்து ட்ராமுக்கு நிற்கும்போது நீ சொன்னாய்: "எனக்கு விளங்கீட்டுது அம்மா. இந்தத் திட்டம் படிச்சது முழுக்க இங்கத்தைய ஆக்களின்ரை தரவில. எங்கட ஆக்கள் அதுக்குள்ள எத்தினை பேர் இருப்பினம்? எங்கட உடம்பு மருந்தை வேற மாதிரிக் கரைக்கலாம். அதுக்கு உங்களைத் தெரியாது. தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லியிருக்க வேணும்." உன் கண் பளபளத்தது. எவ்வளவு நல்ல யோசனை! எனக்கும் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. ஒரு நிமிஷம் நானும் அதை நம்பினேன் என்றால் நீ நம்புவாயோ தெரியாது. என் வெள்ளிக்கிழமைகளைவிட உன் விளக்கம் எவ்வளவோ மேலானதாக இருந்தது.

ஒரு கிழமை பொறுத்து நான் தனியாகப் போனேன். உனக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. புதுக் குளிசைக்கு மாறுவதற்கு முன் இதயப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே கட்டிலில் படுத்திருந்தபோது, திரையில் ஓடுகிற இதயத் துடிப்பின் கோட்டைப் பார்த்துக்கொண்டு, இந்த இதயத்தை ஏன் வீணாகப் பணயம் வைக்கிறேன் என்று தோன்றியது. வைத்தியருடைய அறைக்குள் போய், வகுப்புக் கொப்பியைத் திறந்து, எழுதிக்கொண்டு போயிருந்த ஏழு வசனத்தையும் வாசித்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசித்து முடிய அவ கதிரையைத் திருப்பிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தா. "எத்தனை வெள்ளிக்கிழமை?" என்று கேட்டா. சுவர்க் கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து இரண்டு பேரும் எண்ணினோம். சஷ்டி எது என்று காட்டினேன். அவ பென்சிலால் வட்டம் போட்டா.

"பின்னேரம் சாப்பாட்டோடு எடுத்திருக்கலாமே?" என்றா.

"காலை உணவோடு என்று எழுதியிருந்தது."

அவ என்னைப் பார்த்தா. சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயற்சி செய்தா, முடியவில்லை. நானும் சிரித்தேன். பிறகு சொன்னா: "நான் மறந்துபோகிறதா என்று கேட்டேன். நீங்கள் மறக்கவில்லை. நான் கேட்ட கேள்வியில் உங்கள் பதிலுக்கு இடமே இல்லை." இது அவவுடைய பெருந்தன்மை. இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதியிருக்கலாம், சோதினைத்தாளில் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! பழைய குளிசையையே இன்னும் மூன்று மாதம், ஒரு நாளும் விடாமல் எடுத்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். என் பதிவுகளில் அந்த வருஷத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்டேன். போகும்போது அவ சொன்னா, "உங்கள் மகன் எனக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். எங்கள் திட்டத்தில் என்ன பிழை என்று. நல்ல கடிதம். நான் அவருக்கு எதையும் சொல்ல முடியாது, எனக்கு இரகசியம் காக்கிற கடமை இருக்கிறது." நான், "நானே சொல்லுவேன்" என்றேன்.

சொல்லவில்லை. மூன்று மாதம் சொல்லவில்லை. என்னுடைய பெரிய பிழை வெள்ளிக்கிழமையும் இல்லை, கொப்பியும் இல்லை, இதுதான். ஒவ்வொரு ரெலிபோனிலும் நீ இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தாய். பேராசிரியருக்கு உன் யோசனை பிடித்துவிட்டது. பேச அழைப்பு வந்தது. "உங்கட கேஸ்தான் அம்மா எனக்குக் கண்ணைத் திறந்தது" என்றாய். பிறகு ஒரு சனிக்கிழமை சம்மதப் பத்திரத்தோடு வந்தாய். பெயர் வராது, ஊர் வராது, வயதும் பிறந்த நாடும் மட்டும் வரும் என்று பொறுப்பாக விளங்கப்படுத்தினாய். "எல்லாத்தையும் வாசிச்சுப்போட்டுச் சைன் வையுங்கோ. ஏதும் பிழையெண்டாச் சொல்லுங்கோ." நான் வாசித்தேன். ஒரு எழுத்துப் பிழையைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தினேன். பிறகு வடிவாகக் கையெழுத்து வைத்தேன். எழுத்துப் பிழை கண்ணில் பட்டது பார்!

ஏன் சொல்லவில்லை என்று எனக்கே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நீ ஏமாந்துபோவாய் என்ற பயம் என்றுதான் முதலில் எழுதினேன், அதை வெட்டிவிட்டேன். உண்மை அதைவிடச் சின்னது. என் அம்மா ஒன்றையும் மறக்கமாட்டா என்று நீ சொன்னபோது எனக்கு நூற்றுக்கு நூறு போட்ட மாதிரி இருந்தது. அந்தப் புள்ளியைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை புது முடிவு வந்தது. அளவு நன்றாக இறங்கியிருக்கிறது. அதே குளிசைதான், வெள்ளிக்கிழமைகள் மட்டும்தான் புதிது. அன்றைக்குப் பின்னேரம் நீ ரெலிபோன் எடுத்துக் கேட்டபோது, "பரவாயில்லை, எழுதிறன்" என்று வைத்துவிட்டேன். நீ குழம்பியிருப்பாய். சந்தோஷமான செய்தியைச் சொல்ல முடியாமல் போனது எனக்கு வாழ்க்கையில் அது ஒருதரம்தான்.

அதனால் கணினி சொன்னது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒருத்தியை வைத்து இயந்திரம் சரி என்றும் சொல்ல முடியாது, பிழை என்றும் சொல்ல முடியாது, இது நீ படிப்பித்ததுதான். அளவு ஏறினதுக்கு நான் விட்ட நாட்கள்தான் முழுக் காரணமா என்று வைத்தியரிடமும் கேட்டேன். "அப்படித்தான் தெரிகிறது, ஆனால் சத்தியம் பண்ணமாட்டேன்" என்றா. எனக்கு அந்தப் பதில் பிடித்தது. உன் பெரிய வாதமும் பொய்யாகிவிடவில்லை. எங்களைப் போன்ற ஆட்கள் அந்தத் தரவில் குறைவு என்றால் குறைவுதான்; அதை நீ சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு நான் சாட்சி இல்லை. வேறு சாட்சி தேடு. எனக்கு இன்னொரு கேள்வியும் வருகிறது, இதை உன் ஆட்களிடம் கேட்டுப் பார்: தரவுக்குள் வந்திருக்கிற கொஞ்சப் பேரும் என்னைப் போலச் சரி போட்டவர்கள் என்றால், எங்களில் இன்னும் நிறையப் பேரைச் சேர்த்தால் மட்டும் கணினிக்கு எங்களைத் தெரிந்துவிடுமா? தட்டில் வளர்கிற அணுவுக்கு வெள்ளிக்கிழமை இல்லை. எங்களுக்கு இருக்கிறது. அதைக் கேட்கிற பெட்டி எந்தக் கொப்பியிலும் இல்லை.

இப்போது மலர் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கோயில் சமையலறையில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது, பீலெஃபெல்டிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அக்கா, "இண்டைக்குப் பிறஷர்க் குளிசை போடேல்லை, விரதமெல்லே" என்று சாதாரணமாகச் சொன்னா. "ஐயோ, டொக்டருக்குச் சொன்னனீங்களே?" என்று கேட்டேன். "அவனுக்கு ஏன் பிள்ளை உது? எடுக்கிறனீங்களோ எண்டு கேட்பான். ஓம் எண்டுவன். அவனும் சந்தோஷம், நானும் சந்தோஷம்." சுற்றியிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி, "நான் சீனிக் குளிசையையும் விடுறனான்" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கதையை அங்கேயே சொன்னேன். முதலில் சிரிப்பு நின்றது. பிறகு ஐயரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "மருந்துக்கு விரதம் இல்லை அம்மா. இதை நீங்கள் முந்தியே கேட்டிருக்கலாமே" என்றார். முப்பது வருஷமாக வாரா வாரம் அவர் முன்னால் நிற்கிறேன். ஒருதரமும் கேட்கவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டுக் களைக்காதவள், வைத்தியரிடமும் ஐயரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதற்குக் காரணம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கினால் எழுதுகிறேன். அந்தச் சமையலறையில் சொன்னதைத்தான் மலரிலும் சொல்ல விரும்புகிறேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. பேச்சுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சொல்லுகிறாளே என்று நினைப்பாய். மூன்று மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் உன் வேலை இவ்வளவு சிக்கலாகியிருக்காது. மன்னித்துக்கொள் என்று கேட்பது சுலபம், அதனால் அதைக் கடைசிக்கு வைக்காமல் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஆனால் கோபத்தில் நீ பிழையான ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கூடாது. இனி ஒருத்தரையும் நம்பமாட்டேன் என்று முடிவெடுக்காதே. நீ என்னை நம்பியது பிழை இல்லை. நம்புகிற ஆளிடம் கேள்வி கேட்பது அவமரியாதை என்று நினைத்தாயே, அதுதான் பிழை. நீ அந்த அறையில் என் பக்கம் திரும்பி, "அம்மா, உண்மையா எல்லா நாளும் எடுத்தனீங்களோ?" என்று தமிழில் கேட்டிருந்தால், நான் பொய் சொல்லியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. நினைக்கிறேன்.

பேச்சில் என்னைப் பற்றிய பகுதியை என்ன செய்வது என்பதை நீதான் முடிவெடுக்க வேண்டும். எடுத்துவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது. நான் உன் இடத்தில் இருந்தால் எடுக்கமாட்டேன். அந்தப் பெண்ணை அப்படியே காட்டுவேன், வயதும் நாடும் நோயும். கணினி என்ன சொன்னது, இரத்தம் என்ன சொன்னது, நீ என்ன நினைத்தாய் என்பதையும் சொல்லுவேன். அதன் பிறகு, அவர் குளிசை எடுக்காத நாட்களிலும் எடுத்ததாகப் பதிந்திருந்தார் என்று சொல்லுவேன். பெரிய ஆட்கள் இருக்கிற மண்டபம். யாராவது ஒருவர் எழும்பி, கொப்பியில் எல்லாம் சரியாக இருந்தால் அது பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது, எந்த முறையால் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார். நீ தடுமாறாதே. முறை ஒன்றும் இல்லை, அவவாகவே வந்து சொன்னவ என்று சொல். கொஞ்சம் பிந்தித்தான் சொன்னவ என்றும் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிற,
அம்மா